சின்ன அஞ்சு, பெரிய அஞ்சு

ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருக்கிற ஷூ கம்பெனி ஒன்றில் யோகலட்சுமி கேட்டதெல்லாம் ஒரு நாற்காலி. பதவி கிதவி என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு காலும் சாய ஒரு முதுகும் உள்ள நிஜ நாற்காலி. பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தவள் காலையில் நின்றால் சாயங்காலம் பஸ்ஸில்தான் உட்கார வேண்டும் என்று எந்த மகராசன் சட்டம் போட்டானோ, அவன் கால் நன்றாக இருக்கட்டும். யோகலட்சுமியின் கால் நன்றாக இல்லை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, படுத்தால் உள்ளே யாரோ துணி முறுக்குகிற மாதிரி வலித்தது. வேலூரில் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "நின்னுக்கிட்டே செய்யற வேலையை விடும்மா. உக்காந்து செய்யற வேலையாப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

விடுவதாமே! குடியாத்தத்தில் அவள் புருஷன் கார்முகிலன் பவர்லூமில் லுங்கி ஓட்டுகிறான். தறி ஓடுகிற மாதமும் உண்டு, தறியைத் துடைத்து வைத்துவிட்டு வாசலில் நிற்கிற மாதமும் உண்டு. பிள்ளைகள் இரண்டும் படிக்கிறார்கள். வேலையை விடுவது என்ற பேச்சையே அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

பேக்கிங்கில் அவள் பார்த்தது ஷூ பெட்டிக்கு அளவு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. கேட்க லேசாக இருக்கும். ஆனால் வெளிநாட்டுக்காரன் கால் அளந்த அழகு இருக்கிறதே, அதைக் கேட்டால் தலை கிறுகிறுத்துவிடும். குழந்தைக் காலுக்கு ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துப் பதின்மூன்று வரை போவான். பதினாலு வர வேண்டிய இடத்தில், என்ன தோன்றியதோ, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். ஆக, ஐந்தாம் நம்பர் என்றால் நடை பழகுகிற குழந்தைக்கும் ஓர் ஐந்து உண்டு, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அம்மாவுக்கும் ஓர் ஐந்து உண்டு. கம்பெனியில் ஒன்றைச் சின்ன அஞ்சு என்பார்கள், மற்றதைப் பெரிய அஞ்சு என்பார்கள். புதிதாக வருகிற பெண்கள் முதல் வாரம் இதில் கவிழாமல் இருந்ததே கிடையாது. அவர்களுக்கெல்லாம் யோகலட்சுமி சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்.

"மொதல்ல யாரு காலுன்னு கேளுங்கடி. அப்புறம் நம்பரைக் கேளுங்க."

இப்படி இருக்கும்போதுதான் கௌதமுக்கு ஆள் தேவைப்பட்டது. கம்பெனியின் கம்ப்யூட்டர், கேமரா, ஸ்டிக்கர் அடிக்கிற மெஷின் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த பையன் அவன். ராணிப்பேட்டை யூனிட்டையும் சேர்த்து அவன் தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளுக்குள்ளேயே யாராவது கம்ப்யூட்டர் படித்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொரு செக்‌ஷனாக வந்தான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு குடியாத்தத்தில் ஒரு சென்டரில் டிப்ளமா படித்து, கல்யாணத்தோடு அதை மறந்துபோயிருந்த யோகலட்சுமி கையைத் தூக்கினாள். தூக்கின பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது.

பக்கத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருந்த அஃப்ரோஸ் முழங்கையால் இடித்தாள். "அரே, இன்னாடி நீ? அங்க போய் ஒயரைத் தின்னப் போறியா?"

"அங்க சேர் இருக்குதுடி."

அஃப்ரோஸுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பக்கத்திலேயே நின்று தேய்ந்த கால்கள்தானே அவளுடையதும்.

புரொடக்‌ஷன் மேனேஜர் காசிநாதன் சம்மதிக்க வேண்டியிருந்தது. இந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு பேச்சை அவர் முழுதாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பாதியை வெளியே விடுவார், பாதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். மீதியை நாம் ஜாதகம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் யோகலட்சுமியையும் பார்த்தார், அவள் காலையும் பார்த்தார். "மூணு மாசம். சரிப்படலன்னா பேக்கிங்" என்றார். அவ்வளவுதான் உத்தரவு.

கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்த அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, எதிரே இரும்புக் கூண்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு ஸ்விட்ச். நம் வீட்டில் லைட் போடுகிற ஸ்விட்ச் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊதுபத்திப் பெட்டி மாதிரி நீளமாகத் தட்டையாக இருக்கும். முகமெல்லாம் ஓட்டை. ஒவ்வோர் ஓட்டையும் ஒரு போர்ட். கம்பெனியின் எந்த மூலையில் எந்த மெஷின் பேச வேண்டுமென்றாலும் அதன் ஒயர் வந்து இங்கேதான் குத்திக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் கௌதம் ஒரு போர்ட்டைத் தொடச் சொன்னான். அவள் மேல்வரிசையில் இடமிருந்து விரல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போனாள்.

"அப்படி இல்லக்கா" என்றான் அவன். அவளைவிடச் சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். "மேல ஒண்ணு, அதுக்குக் கீழ ரெண்டு. பக்கத்துல மேல மூணு, கீழ நாலு. ஒத்தைப்படை எல்லாம் மாடியில, ரெட்டைப்படை எல்லாம் கீழ்வீட்டுல."

"ஜோடியை மேலயும் கீழயும் வெச்சிருக்கான்னு சொல்லுங்க சார்."

"அதேதான்! சில கம்பெனிக்காரன் நீங்க எண்ணுன மாதிரியும் அடிச்சிருப்பான். எந்தப் பெட்டியா இருந்தாலும் மொதல்ல மூஞ்சைப் படிக்கணும்."

அன்றைக்கு அவள் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவள் பத்து மணி வரை எழுந்திருக்கவேயில்லை. எழுந்திருக்க வேண்டிய வேலை இல்லாமல் இல்லை. உட்கார்ந்திருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது. வீட்டுக்குப் போனால் கார்முகிலன், "இன்னா மேடம், சேர் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, கேலி கேலியாகவே அவள் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தான். அவளுக்குச் சிரிப்பாகவும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இரண்டாம் மாதம் கௌதம் இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு குட்டைக் கேபிளைப் போட்டு இணைத்தான். "இனிமே ரெண்டும் சேந்து ஒரே ஸ்விட்ச்சுதான் அக்கா. ஆனா நம்பர் மட்டும்..." என்று ஆரம்பித்தபோது ராணிப்பேட்டையிலிருந்து போன் வந்துவிட்டது. அப்படியே பேசிக்கொண்டே வண்டியேறிப் போய்விட்டான். அந்த 'மட்டும்'முக்குப் பிறகு என்ன என்பதை அவனும் மறந்தான், அவளும் கேட்காமல் விட்டாள். விதி என்பார்கள். நான் போன் என்பேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. கம்பெனி முழுக்கத் துடைப்பமும் ஈரத் துணியும்தான். மாடியில் பேக்கிங்கில் மட்டும் யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. கீழே கன்டெய்னர் லாரி நிற்கிறது. பூஜை விடுமுறைக்கு முன்னால் அது சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். கௌதம் ராணிப்பேட்டையில் இருந்தான்.

பதினொரு மணி வாக்கில் இரண்டு ஸ்விட்சின் விளக்குகளும் பேய் பிடித்த மாதிரி மொத்தமாக மினுக்க ஆரம்பித்தன. எந்தக் கம்ப்யூட்டரைத் தட்டினாலும் நகரவில்லை. மாடியில் ஸ்டிக்கர் மெஷின் ஒன்று அடிப்பதற்குள் ஒரு யுகம் ஆனது. யோகலட்சுமி சென்னைக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் விற்ற கம்பெனியில் உதவிக்கு இருக்கிற சௌம்யா எடுத்தாள்.

"யாரோ ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில குத்திட்டாங்க போலிருக்கு. அனுப்புறதெல்லாம் சுத்திச் சுத்தி அங்கயே வருது" என்றாள் சௌம்யா. "எந்த போர்ட்டுன்னு தெரியுது. நான் இங்கேருந்து மூடினா மூட மாட்டேங்குது, அவ்ளோ அடைப்பு. நீங்க கையால பிடுங்கிடுங்க. டூ ஜீரோ ஃபைவ்."

"டூ ஜீரோ ஃபைவா மேடம்?"

"ஆமாங்க. டூ ஜீரோ ஃபைவ். சீக்கிரம்."

கூண்டைத் திறந்தாள். எப்போதோ ஒரு எலக்ட்ரீசியன் கீழ்த்தளத்துச் சுவர்ப் பெட்டிகளுக்கு 101, 102 என்றும் மாடிச் சுவருக்கு 201, 202 என்றும் நம்பர் போட்டு, அதையே ஒயரின் கழுத்திலும் சுற்றிவிட்டுப் போயிருந்தான். 205 கண்ணுக்கு நேராகவே தொங்கியது. கிளிப்பை அழுத்திப் பிடுங்கினாள். கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பெருமை.

"எடுத்துட்டேன் மேடம்."

"எடுத்தீங்களா? இன்னும் அப்படியேதானே இருக்கு..." என்றாள் சௌம்யா. அதோடு லைன் அறுந்தது.

அடுத்த நொடி மேசைப் போன் அடித்தது. காசிநாதன். "எவன் கை வெச்சது?"

"நான்தான் சார், சென்னையில..."

"மேல வா. பேக்கிங்." வைத்துவிட்டார்.

படியேறும்போது அவளுக்கு வலி கால்வரை இறங்கவேயில்லை, நெஞ்சிலேயே நின்றது. மாடியில் ஸ்டிக்கர் மெஷின் செத்துக் கிடந்தது. அதுவரை இழுத்து இழுத்தாவது வந்துகொண்டிருந்தது ஒரேயடியாக நின்றுவிட்டது. மெஷினுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள். சுவர்ப் பெட்டியில் கறுப்பு எழுத்தில் 205. ஐயோ, பிடுங்கினது இதைத்தான்! சொன்னதைத்தானே செய்தேன், சொன்ன நம்பரைத்தானே எடுத்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது. கீழே லாரி டிரைவர் ஹாரனை அழுத்தினான்.

காசிநாதன் அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "பழைய ரோல் எடு. கையால ஒட்டு. மீதியை அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு லாரியைப் பார்க்க இறங்கிப் போனார்.

ஆக, முடிந்தது. பழைய மேசை, பழைய இடம், நிற்கிற வேலை. மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கையை நீட்டினாள். அஃப்ரோஸ் அலமாரியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் ரோலை எடுத்து அதில் வைத்தாள்.

"பேஜாருடி இது. வெறும் அஞ்சுன்னு மட்டும் அடிச்சிருக்கான் பாரு. சின்ன அஞ்சா, பெரிய அஞ்சா? நீதானே சொல்லுவ, மொதல்ல யாரு காலுன்னு..."

யோகலட்சுமியின் கை அப்படியே நின்றது.

யாரு காலு. அஞ்சு, சரி. யாருடைய அஞ்சு? கூண்டில் இருப்பது இரண்டு பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் ஒன்றிலிருந்துதானே ஆரம்பிக்கிறது! மேல் பெட்டியில் ஓர் ஐந்து, கீழ்ப் பெட்டியில் ஓர் ஐந்து. இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால், வெளியில் இருப்பவள் எந்த ஐந்து என்று எப்படிச் சொல்லுவாள்? முதலில் பெட்டியைச் சொல்லுவாள், அப்புறம் நம்பரைச் சொல்லுவாள்.

"அஃப்ரோஸ், நீ நல்லா இருப்படி!" என்று ரோலை மேசையில் போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

"அரே, எந்த அஞ்சுன்னு சொல்லிட்டுப் போ!"

"பெருசு! பச்சை ஓரம் இருந்தா பெருசு!"

இறங்கிக்கொண்டே செல்போனில் சௌம்யாவைப் பிடித்தாள். "மேடம், டூன்னா ரெண்டாவது பெட்டியா?"

"ஆமாங்க, ரெண்டாவது ஸ்விட்ச். போர்ட் அஞ்சு. நடுவுல இருக்கிற ஜீரோவை நீங்க கண்டுக்காதீங்க, இந்த மாடல்ல அது எப்பவும் ஜீரோதான். நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

"எங்களுக்கு எரநூத்தி அஞ்சுன்னே ஒரு ஒயர் இருக்குது மேடம்."

"அய்யய்யோ. எழுதறப்போ நடுவுல கோடு போட்டு எழுதுவோம். டூ, கோடு, ஜீரோ, கோடு, ஃபைவ். வாயில சொல்றப்போ அந்தக் கோட்டை நான் முழுங்கிட்டேன். சாரிங்க."

கீழ்ப் பெட்டி. மேல்வரிசையில் ஒன்று, மூன்று, ஐந்து. மூன்றாவது ஓட்டை. ஒயரின் கழுத்தில் 112 என்று இருந்தது. இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. பெட்டி நம்பரைப் படித்தாள், போர்ட் நம்பரைப் படித்தாள், வாய்விட்டும் சொன்னாள். பிடுங்கினாள். பேயாட்டம் ஆடிய விளக்குகள் ஒவ்வொன்றாக அடங்கி, நிதானமாகக் கண் சிமிட்டின. 205-ஐ அதன் இடத்தில் திரும்பக் குத்தினாள். மாடியில் ஸ்டிக்கர் மெஷின் கரகரவென்று ஓடுகிற சத்தமும், அதற்கு மேல் அஃப்ரோஸ் போட்ட கூச்சலும் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தன.

112 எது என்று போய்ப் பார்த்தால் அக்கவுன்ட்ஸ் அறை. அங்கே மேசை மேல், அந்த ஒற்றை ஒயரை நாலைந்து கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கிற குட்டி ஸ்விட்ச் பெட்டி ஒன்று இருந்தது. பூஜைக்கு மேசையைத் துடைத்த புண்ணியவான் ஒருவர், ஒயரின் ஒரு முனை சும்மா தொங்குகிறதே என்று, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, அதையும் அதே பெட்டியில் குத்தி, பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். அவரை என்ன சொல்ல முடியும்? சரஸ்வதிக்காகச் செய்தது.

கன்டெய்னர் கிளம்பிவிட்டது. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். சாயங்காலம் ஓடிவந்த கௌதம் காசிநாதனிடம், "அந்த 205 கேபிள் கொஞ்சம் லூஸ் சார், அதான்..." என்று ஆரம்பித்தான். நல்ல பிள்ளை. அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தான்.

யோகலட்சுமி குறுக்கே புகுந்தாள். "லூஸ் இல்ல சார். நான்தான் தப்பாப் பிடுங்குனேன். மாடிச் சுவத்து நம்பரும் ஸ்விட்ச்சு நம்பரும் வாயில சொன்னா ஒண்ணு போலவே இருக்குது. சுவத்து நம்பரை எல்லாம் மாத்திட்டா இனி யாரும் தப்பு பண்ண மாட்டாங்க. எனக்கு நேரம் குடுத்தா நானே மாத்திடறேன்."

"என் தப்பும் இருக்கு சார்" என்றான் கௌதம். "சொல்ல வந்ததைப் பாதியில விட்டுட்டுப் போய்ட்டேன்."

பாதியில் விடுவதைப் பற்றிக் காசிநாதனிடமே சொன்னான், பாருங்கள். அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "மாத்து. மூணு மாசம் முடியட்டும்" என்றார். முடிந்தால் என்ன என்பதை வழக்கம்போல் உள்ளேயே வைத்துக்கொண்டார்.

அவள் மாற்றினாள். சுவர் சுவராகப் போய், எலக்ட்ரீசியனின் நம்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, பேக்கிங்கின் ஸ்டிக்கர் மெஷினிலேயே அடித்து ஒட்டினாள். 'பேக்கிங் ஸ்டிக்கர் மெஷின்.' 'அக்கவுன்ட்ஸ் ஜன்னல் பக்கம்.' 'கேட் கேமரா.' ஒயரின் கழுத்திலும் அதே பெயர். பெயருக்குக் கீழே சின்னதாக, எந்தப் பெட்டி, எந்தப் போர்ட், நடுவில் முழுங்க முடியாத அளவுக்குத் தடியாக இரண்டு கோடு.

தீபாவளி கழிந்து மூன்று மாதமும் முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஏறப் போகிறவளைக் காசிநாதன் வாசலில் நிறுத்தினார்.

"நாளையிலேருந்து நீ பேக்கிங்." போய்விட்டார்.

கம்பெனி பஸ் மாதனூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். வீட்டில் கார்முகிலன் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "கால் போனா நான் யாரைக் கேலி பண்றது? நாளைக்கே வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வா. எப்டியாவது சமாளிக்கலாம்" என்றான். எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனாலும் அவன் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

காலையில் பேக்கிங் வாசலில் அஃப்ரோஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். கௌதமும் நின்றான், கை முழுக்கத் தூசி. உள்ளே சுவரோரம், ஸ்டிக்கர் மெஷினுக்குப் பக்கத்தில், புத்தம்புது இரும்புக் கூண்டு. அதற்குள் ஒரு ஸ்விட்ச். கீழே இருக்கிற இரண்டோடு சேர்த்துக் கட்டப்பட்ட மூன்றாவது. கூண்டுக்கு எதிரே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அடியில் கால் வைத்துக்கொள்ள ஒரு மரப்பலகைகூடப் போட்டிருந்தது.

"பேக்கிங்குக்குத் தனிப் பெட்டி" என்றார் காசிநாதன், எங்கோ பார்த்துக்கொண்டு. "மாடியில பாத்துக்க ஆள் வேணும். ஸ்டிக்கர்ல சந்தேகம்னா இந்தப் பொண்ணுங்களுக்கும் கிட்டவே இருக்கும். காலைத் தொங்கப் போடாத."

அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் வந்து பேக்கிங்கில் யாரும் பார்த்ததில்லை. நேற்றே சொல்லியிருந்தால் ஒருத்தி ராத்திரி தூங்கியிருப்பாள். அதைப் போய் அவரிடம் யார் சொல்வது?

நாற்காலியின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 3/0/1. காசிநாதன் அதைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார். "நானே அடிச்சு ஒட்டினது. உன் நம்பர். முந்நூத்தி ஒண்ணு."

யோகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனால் இதைச் சொல்லாமல் அவளால் உட்கார முடியாது.

"முந்நூத்தி ஒண்ணு இல்ல சார். மொதல்ல யாரு காலுன்னு கேக்கணும்" என்றாள். "மூணாவது பெட்டி. ஒண்ணாம் நம்பர்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.